நிலம் ஒரு கணக்கு, செலவு இன்னொரு கணக்கு: கோர்ட் போடும் காஸ்ட்டை எதிர்த்து அப்பீல் போகலாமா?

பாளையங்கோட்டை கோர்ட் வளாகத்தில் நிலவழக்குக்காக வந்து நிற்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், காஸ்ட், அதாவது ஒரு தரப்பு மற்ற தரப்புக்குக் கொடுக்க வேண்டும் என்று கோர்ட் போடும் வழக்குச் செலவு பற்றி இரண்டு விதமாகச் சொல்வார்கள். "ஜெயிச்சிட்டா வக்கீலுக்குக் கொடுத்தது, பஸ்ஸுக்குக் கொடுத்தது எல்லாத்தையும் அவன்கிட்டயே வாங்கிரலாம் அண்ணாச்சி" என்பது ஒன்று. "காஸ்ட் போட்டா போட்டதுதான், அதுக்கெல்லாம் அப்பீல் கிடையாதுல்லா" என்பது இன்னொன்று. முதலாவது பெரும்பாலும் தப்பு. இரண்டாவது, எந்தக் காஸ்ட் என்று கேட்காமலே சொன்னால், அதுவும் தப்பு.

நிலம் யாருக்கு என்ற கேள்விக்காகப் பத்து வருஷம் அலைகிறவர்கள், தீர்ப்பின் கடைசி வரியில் இருக்கும் செலவு உத்தரவைப் படிப்பதுகூட இல்லை. பிறகு அந்தத் தொகைக்கென்று தனியாக மனு வந்து, கோர்ட் உத்தரவை நிறைவேற்ற வரும் ஊழியரான அமீனா வாசலில் நிற்கும்போதுதான் வக்கீலைத் தேடி ஓடுகிறார்கள். அதற்குள் அப்பீலுக்கான கெடு முடிந்திருக்கும்.

வரப்பை அளக்க வந்த சர்வேயர்

களக்காட்டுப் பக்கம் ஒரு வாழைத் தோட்டம். நடு வரப்பு யாருடையது என்று அண்ணனுக்கும் தம்பிக்கும் தகராறு. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து, "சர்வேயரைக் கூப்பிட்டு அளப்போம். எவன் சொன்னது தப்போ, அவன் அளவுக் கூலியைக் கொடுக்கட்டும்" என்கிறார்கள். அளந்ததில் தம்பி சொன்னது தப்பு. கூலி தம்பி தலையில். ஆனால் அண்ணன் அன்றைக்குப் போட்ட பெட்ரோலையோ, தோட்ட வேலை கெட்டுப்போனதையோ யாரும் தம்பியிடம் கேட்பதில்லை. பொதுவில் ஆன செலவு மட்டும்தான் கணக்கு.

இதே கதையில், முதலில் குறித்த நாளில் அண்ணன் வராமல் போயிருந்தால்? சர்வேயரும் சங்கிலி பிடிக்கிற ஆளும் சும்மா திரும்பிப் போனார்கள். அந்த ஒரு நாள் கூலியை அண்ணன்தான் கொடுக்க வேண்டும். கடைசியில் வரப்பு அவருடையது என்று முடிவானாலும் இது மாறாது.

இன்னொன்று. எல்லைக் கல்லைத் தம்பியே ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கி நட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் பேசியிருந்தால்? ஊர் கூலியோடு விடாது. தெரிந்தே பொய் சொன்னதற்கென்று தனியாக ஒரு தொகை வைக்கும்.

சிவில் கோர்ட் போடும் செலவு உத்தரவுகளும் இந்த மூன்றுதான். சிவில் வழக்கு எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் 1908-ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில், முதலாவது பிரிவு 35. வராமல் இழுத்தடித்ததற்கு 35-பி. தெரிந்தே பொய் வழக்கு நடத்தியதற்கு 35-ஏ. மூன்றையும் எல்லாரும் காஸ்ட் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் ஒவ்வொன்றையும் எதிர்த்துப் போகும் பாதை வேறு. குழப்பம் முழுவதும் இங்கேதான்.

முதல் வகை: தீர்ப்போடு வருகிற செலவு

வழக்கு முடிந்ததும் நீதிபதி, இன்ன காரணத்தால் இன்னாருக்கு நிலம் என்று எழுதுவது தீர்ப்பு. அந்த முடிவை மட்டும் சுருக்கி, சர்வே எண்ணும் நான்கு எல்லையும் போட்டு, யார் யாருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தயாரிக்கும் ஆவணம் டிக்ரி. செலவு எவ்வளவு, அதை யார் கொடுக்க வேண்டும் என்பதும் டிக்ரியிலேயே இருக்க வேண்டும் என்பது சட்டம். டிக்ரியின் கடைசியில் இரண்டு பத்தியாகப் போட்டிருக்கும் அந்தக் கணக்குக்குச் செலவுப் பட்டியல் என்று பெயர்.

அதில் என்னென்ன வரும்? வழக்கு போடக் கட்டிய கோர்ட் கட்டணம், சம்மன் அனுப்பிய கட்டணம், சாட்சிப் படி, இடத்தைப் பார்த்து அறிக்கை கொடுத்த வக்கீல் ஆணையருக்குக் கட்டியது, வழக்குக்கு முன் அனுப்பிய நோட்டீஸ், தட்டச்சுச் செலவு. பிறகு வக்கீல் கட்டணம். இந்தக் கடைசி இனத்தில்தான் ஜெயித்தவர்கள் ஏமாந்துபோகிறார்கள். பட்டியலில் ஏறுவது வழக்கின் மதிப்பை வைத்து விதிகள் சொல்லும் கட்டணம். நீங்கள் உண்மையில் கொடுத்த ஃபீஸ் அல்ல. வக்கீல் தன் கட்டணச் சான்றைத் தாக்கல் செய்ய மறந்திருந்தால் அதுவும் ஏறாது.

அண்ணன் தம்பி வழக்கு நாங்குநேரி முன்சிப் கோர்ட்டில் நடந்தது என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் கையிலிருந்து போனது ஒன்றரை லட்சம். டிக்ரியில் ஏறியது 21,600 ரூபாய். இது அநியாயம் என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அப்பீலில் "நான் இவ்வளவு செலவழித்தேன்" என்று மட்டும் சொல்லி நின்றால் எடுபடாது. 2011-ல் டெல்லிச் சொத்து வழக்கு ஒன்றில் உயர் நீதிமன்றம் உண்மைச் செலவு என்று நாற்பது லட்சத்துக்கும் மேல் போட்டதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. செலவு விதிப்படிதான் இருக்க வேண்டும், விதியில் உள்ள தொகை காலத்துக்கு ஒவ்வாமல் இருந்தால் விதியை மாற்ற வேண்டும் என்றது. வணிகத் தகராறுகளுக்கு 2015-ல் வந்த சட்டம் வேறு ஏற்பாடு செய்திருக்கிறது. வாழைத் தோட்ட வரப்புக்கு அது பொருந்தாது.

தோற்றவர் கொடுக்க வேண்டும் என்பது பொது வழக்கம். ஆனால் யார், எவ்வளவு, எந்தச் சொத்திலிருந்து என்பதெல்லாம் நீதிபதியின் விருப்புரிமை. பாகப்பிரிவினை வழக்குகளில் "அவரவர் செலவை அவரவரே ஏற்க வேண்டும்" என்று முடிப்பது அடிக்கடி நடக்கும். குடும்பச் சொத்தைப் பிரித்துக் கேட்பதில் ஜெயித்தவர் யார், தோற்றவர் யார் என்று சொல்வதற்கில்லை. அந்த விருப்புரிமைக்கு ஒரு கடிவாளம் உண்டு. ஜெயித்தவருக்குச் செலவு இல்லை என்று நீதிபதி முடிவு செய்தால், காரணத்தை எழுத வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் பிறகு பயன்படும்.

இதுவரை பார்த்தது: தீர்ப்போடு வருகிற செலவு டிக்ரியின் ஒரு பகுதி. கணக்கு விதிப்படி, உண்மைச் செலவுப்படி அல்ல. கொடுப்பவர் யார் என்பது நீதிபதி கையில், ஆனால் வழக்கத்தை மீறினால் காரணம் வேண்டும்.

அதை எதிர்த்து எப்படிப் போவது?

டிக்ரியின் பகுதி என்பதால், டிக்ரிக்கு அப்பீல் உண்டு என்றால் செலவுக்கும் உண்டு. முன்சிப் கோர்ட் டிக்ரி என்றால் சார்பு நீதிமன்றத்துக்கோ மாவட்ட நீதிமன்றத்துக்கோ போகும். கெடு 30 நாள். அப்பீல் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய வழக்கானால் 90 நாள். நெல்லைக்காரர்களுக்கு அது 2004-ல் தொடங்கிய மதுரைக் கிளை. தீர்ப்பு நகலுக்கும் டிக்ரி நகலுக்கும் மனு போட்டால், அவை தயாராக எடுத்துக்கொண்ட நாட்கள் கெடுவிலிருந்து கழியும். மனுவே போடாமல் இருந்த நாட்கள் கழியாது. தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போடச் சொல்லி குமாஸ்தா நச்சரிப்பது இதனால்தான்.

தம்பி முழுத் தீர்ப்பையும் எதிர்த்துப் போகிறார் என்றால் செலவும் கூடவே போய்விடும். வரப்பு அவருடையது என்று மேல் கோர்ட் சொன்னால், செலவைப் பற்றியும் அது புதிதாக உத்தரவு போடும். செலவுக்கென்று தனியாகக் கோர்ட் கட்டணம் கேட்பதில்லை.

அண்ணன் நிலத்தில் ஜெயித்துவிட்டார், ஆனால் கோர்ட் அவருக்குச் செலவு போடவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் என்ன செய்யலாம்? தம்பி ஏற்கெனவே அப்பீல் போட்டிருந்தால் தனி அப்பீல் தேவையில்லை. அப்பீல் நோட்டீஸ் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் அதே அப்பீலில் "எனக்கும் இந்தக் குறை உண்டு" என்று தாக்கல் செய்யலாம். இதற்குக் குறுக்கு மறுப்புரை என்று பெயர். நிலத்தில் ஜெயித்த சந்தோஷத்தில் பலர் இதைக் கோட்டை விடுகிறார்கள்.

செலவுக்காக மட்டும் அப்பீல்

"நிலம் போனது போகட்டும், இந்த 21,600-ஐ மட்டும் எதிர்த்துப் போகலாமா?" போகலாம். தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டமே, செலவு மட்டும் அப்பீலின் பொருளாக இருந்தால் அந்தத் தொகைக்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்று இதற்கு இடம் வைத்திருக்கிறது. மதிப்பின் பேரில் கட்டும் கட்டணம் 2017-ல் ஏழரை சதவீதத்திலிருந்து மூன்றாகக் குறைந்ததால், 21,600-க்கு 648 ரூபாய்தான் ஆகும்.

கட்டணம் சுலபம். ஜெயிப்பதுதான் சிரமம். விருப்புரிமையில் மேல் கோர்ட் லேசில் கை வைக்காது. "நானாக இருந்தால் வேறு மாதிரி போட்டிருப்பேன்" என்பதற்காக மாற்ற மாட்டார்கள். கீழ்க் கோர்ட் விருப்புரிமையை நியாயமான முறையில் பயன்படுத்தவே இல்லை என்று காட்ட வேண்டும். அதற்குச் சில வழிகள் உண்டு.

முதலாவது, மேலே சொன்ன காரணம். ஜெயித்தவருக்குச் செலவு மறுத்துவிட்டு ஒரு வரிகூடக் காரணம் எழுதாமல் விட்டிருந்தால், அது வலுவான பிடி. இரண்டாவது, ஆளே மாறிப்போவது. பத்துப் பிரதிவாதிகளில் ஒருவர், "எனக்கு இதில் உரிமை இல்லை, எதிர்க்கவும் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருப்பார். தீர்ப்பில் பொத்தாம்பொதுவாக "பிரதிவாதிகள் செலவு கொடுக்க வேண்டும்" என்று வந்துவிடும். நம் பக்கத்துப் பனைவிளை வழக்குகளில் இது சாதாரணம். ஒரு விளையில் மூன்று தலைமுறைப் பங்காளிகளையும் சேர்த்துத்தான் வழக்கு போட வேண்டியிருக்கும். மும்பையில் இருக்கிற பேரனுக்கு அந்த விளை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. மூன்றாவது, விதி அனுமதிக்காத தொகையைப் போடுவது.

வெறும் கூட்டல் பிழை, கட்டிய கட்டணத்தை இருமுறை ஏற்றியது, பெயர் மாறியது போன்றவற்றுக்கு அப்பீலே வேண்டாம். டிக்ரி கொடுத்த கோர்ட்டிலேயே பிரிவு 152-ன்கீழ் திருத்தச் சொல்லி மனு போட்டால் போதும். இதைச் செய்யாமல் அப்பீல் செலவு செய்தவர்கள் உண்டு.

செலவு மட்டுமே பிரச்சினையாக இருக்கும்போது, அதற்காக இரண்டாவது அப்பீல் வரை போக நினைப்பது வீண். அங்கே முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

சுருக்கமாக: முழுத் தீர்ப்போடு சேர்த்துச் செலவையும் எதிர்ப்பது இயல்பான வழி. செலவை மட்டும் எதிர்க்கத் தடை இல்லை, ஆனால் தொகை அதிகம் என்பது போதாது. முறை தப்பு என்று காட்ட வேண்டும்.

தெரிந்தே பொய் சொன்னதற்கு

கல்லைப் பிடுங்கி நட்ட தம்பிக்கு வருவோம். எதிர்த்தரப்பு ஆட்சேபம் தெரிவித்து, கோரிக்கை பொய் என்பது அவருக்கே தெரியும் என்று கோர்ட் காரணத்தோடு பதிவு செய்தால், 35-ஏ பிரிவின்கீழ் ஈட்டுச் செலவு போடலாம். வழக்கு தோற்றது என்பதற்காக மட்டும் போட முடியாது. தோற்கிற வழக்கெல்லாம் பொய் வழக்கு இல்லை.

இதன் உச்ச வரம்பைக் கேட்டால் சிரிப்பு வரும்: 3,000 ரூபாய். பணகுடிப் பக்கம் காற்றாலை வந்து நிலத்தின் விலையே தலைகீழாக மாறிப்போன ஊரில், பொய்ப் பத்திரத்தை வைத்து வழக்கு நடத்துகிறவனை 3,000 ரூபாய் என்ன செய்யும்? உச்ச நீதிமன்றமே இந்த வரம்பு போதாது என்று பலமுறை சொல்லியிருக்கிறது.

இதை எதிர்த்து பிரிவு 104 நேரடியாக அப்பீல் தருகிறது. இது டிக்ரி மேல் போகும் அப்பீல் அல்ல. உத்தரவு மேல் போகும் அப்பீல். சி.எம்.ஏ. (சிவில் மிசலேனியஸ் அப்பீல்) என்று எண் போடுவார்கள். கட்டச் சொல்லப்பட்டவர் மட்டுமே, "போட்டிருக்கவே கூடாது" அல்லது "குறைவாகப் போட்டிருக்க வேண்டும்" என்று போகலாம். "இன்னும் கூடுதலாகப் போடுங்கள்" என்று எதிர்த்தரப்பு இந்த வழியில் போக முடியாது. இந்த அப்பீலில் வரும் முடிவுக்கு மேல் இன்னொரு அப்பீலும் இல்லை.

மூவாயிரத்துக்காக எதற்கு இந்தப் பாடு என்று கேட்கலாம். தொகைக்காக யாரும் போவதில்லை. "தெரிந்தே பொய் சொன்னவர்" என்று கோர்ட் எழுதிய வரி, அதே குடும்பத்தின் அடுத்த வழக்கில் எடுத்து நீட்டப்படும். அந்த வரியை அழிக்கத்தான் போகிறார்கள். எனக்குத் தெரிந்து அது நியாயமான காரணம்.

வாய்தாவுக்கு விழும் செலவு

ஆட்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். அடுத்த தேதிக்குத் தள்ளிப்போடுவது வாய்தா. செய்ய வேண்டியதைச் செய்யாமல் வாய்தா வாங்கினால், எதிர்த்தரப்புக்கு அன்றைக்கு ஆன செலவைக் கொடுக்கும்படி 35-பி பிரிவின்கீழ் உத்தரவிடலாம். 500, 1,000 என்று சின்னத் தொகையாகத்தான் இருக்கும். ஆனால் பல் அதற்குத்தான் உண்டு. அடுத்த தேதியில் கட்டாவிட்டால், வாதி மேற்கொண்டு வழக்கை நடத்த முடியாது, பிரதிவாதி மேற்கொண்டு எதிர்த்து வாதாட முடியாது. கட்டிவிட்டாலும், கடைசியில் ஜெயித்த பிறகு திரும்பக் கேட்க முடியாது. சர்வேயர் சும்மா திரும்பிய நாள் மாதிரி.

இதன் பங்காளி ஒன்று உண்டு. பிரதிவாதி ஆஜராகாததால் அவர் இல்லாமலே டிக்ரி ஆகிவிடுவதை எக்ஸ்பார்ட்டி என்பார்கள். அதை ரத்து செய்யச் சொல்லி 30 நாளுக்குள் மனு போட்டால், "இத்தனை ரூபாயை இன்ன தேதிக்குள் எதிர்த்தரப்புக்குக் கட்டினால் ரத்து, இல்லாவிட்டால் மனு தள்ளுபடி" என்று உத்தரவு வரலாம். இது நிபந்தனைச் செலவு.

இந்த இரண்டுக்கும் நேரடி அப்பீல் கிடையாது. "அப்பீல் கிடையாதுல்லா" என்று கோர்ட் வாசலில் சொல்கிறவர்கள் இதைக் கேள்விப்பட்டுத்தான் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்கிறார்கள். ஆனால் அப்பீல் இல்லை என்றால் வழியே இல்லை என்று பொருள் அல்ல. அரசியல் சட்டத்தின் 227-ஆம் உறுப்பின்கீழ் கீழ்க் கோர்ட்டுகளைக் கண்காணிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. மதுரைக் கிளையில் சி.ஆர்.பி. (சிவில் ரிவிஷன் பெட்டிஷன்) என்று எண்ணாகி வருவது இதுதான். உத்தரவு அப்பட்டமாக அநியாயம் என்றால் மட்டுமே அங்கே தலையிடுவார்கள். ஆயிரம் ரூபாய் செலவுக்காக மதுரைக்கு வண்டி ஏறினால், போகவர ஆகும் செலவும் அங்கே வக்கீல் வைப்பதும் ஆயிரத்தை எப்போதோ தாண்டிவிடும். கூலி வேலை பார்ப்பவர் மேல் ஐம்பதாயிரம் நிபந்தனை போட்டு, கட்டாவிட்டால் நிலம் போய்விடும் என்ற நிலை வந்தால் கதை வேறு. அப்போது போகத்தான் வேண்டும், கெடு தேதிக்கு முன்னாலேயே போக வேண்டும்.

பணம் புரட்ட நாள்தான் போதவில்லை என்றால் அந்தக் கோர்ட்டிலேயே கெடு நீட்டிக்கச் சொல்லி மனு போடலாம். பிரிவு 148 மொத்தம் 30 நாள் வரை என்கிறது. கட்டுப்பாட்டில் இல்லாத காரணம் இருந்தால் அதைத் தாண்டியும் தரலாம் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது.

வாங்கிக்கொள்கிறவருக்கும் ஒரு எச்சரிக்கை. எக்ஸ்பார்ட்டி டிக்ரியை நிபந்தனையோடு ரத்து செய்தது உங்களுக்குப் பிடிக்கவில்லை, மதுரைக்குப் போகப் போகிறீர்கள் என்றால், எதிர்த்தரப்பு வக்கீல் நீட்டுகிற அந்தச் செலவுத் தொகையைக் கையில் வாங்காதீர்கள். உத்தரவின் பலனை வாங்கிக்கொண்டு அதே உத்தரவை எதிர்க்க முடியாது என்று சொல்லிவிடுவார்கள். வாங்குவதா வேண்டாமா என்று முதலில் உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.

இங்கே பிடித்துக்கொள்ள வேண்டியது: பொய் வழக்குச் செலவுக்கு நேரடி அப்பீல் உண்டு, கட்ட வேண்டியவருக்கு மட்டும். வாய்தாச் செலவுக்கும் நிபந்தனைச் செலவுக்கும் அப்பீல் இல்லை, மதுரைக் கண்காணிப்பு மனு உண்டு, ஆனால் கதவு குறுகியது.

அப்பீல் போட்டாச்சு, இனி கட்ட வேண்டாமா?

கட்ட வேண்டும். அப்பீல் எண் ஆகிவிட்டதால் டிக்ரி தானாக நிற்காது. நிறுத்திவைக்கும் உத்தரவு தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அதற்குத் தொகையின் ஒரு பகுதியைக் கோர்ட்டில் கட்டச் சொல்லலாம். நிறுத்திவைப்பு இல்லாத காலத்தில் அண்ணன் ஈ.பி., அதாவது டிக்ரியை நிறைவேற்றித் தரச் சொல்லும் மனு போட்டால், செலவுத் தொகைக்காகத் தம்பியின் வேறு சொத்தை ஜப்தி செய்யக்கூட வழி உண்டு. அப்படி மனு போட 12 வருஷம் அவகாசம் இருக்கிறது. "அண்ணன்தானே, கேட்க மாட்டார்" என்று தம்பி இருந்துவிடுவார். அண்ணன் காலத்துக்குப் பின் அவர் பிள்ளைகள் கேட்பார்கள்.

கட்டிய பிறகு அப்பீலில் ஜெயித்தால், கட்டியதைத் திரும்ப வாங்கப் பிரிவு 144 உண்டு. செலவைத் திருப்பித் தருவதையும் அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. முதல் கோர்ட்டிலேயே மனு போட்டு வட்டியோடு கேட்கலாம்.

கட்டுவது எங்கே என்பதும் முக்கியம். கோர்ட்டில் கட்டலாம், வங்கி வழியாக அனுப்பலாம். நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது வேறு. கோயில் கொடைக்கு ஊருக்கு வந்த இடத்தில் மாமா ஒருத்தர் முன்னால், "இந்தா, உன் காஸ்ட்டு" என்று நோட்டை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். அப்படி வெளியே கொடுத்ததை வாங்கியவர் கோர்ட்டில் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். அவர் செய்யாவிட்டால் கொடுத்தவர் 30 நாளுக்குள் மனு போட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவாகாத பணத்தை நிறைவேற்றும் கோர்ட் கணக்கில் எடுக்காது. மாமா வந்து சாட்சி சொன்னாலும் அதே தொகைக்கு ஈ.பி. நடக்கும்.